லைப்ரரி அண்ணன் பதில்கள்: மொதல்ல டேட் ஸ்லிப்ப பாருங்க

இந்த மாசம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல காலேஜ் லைப்ரரி பத்தித்தான், அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

சார், எங்க காலேஜ் லைப்ரரியில வாசகர் வட்டம் ஆரம்பிச்சு என்னைய செயலாளரா போட்டுட்டாங்க. மொத கூட்டத்துக்கு யார சீஃப் கெஸ்ட்டா கூப்புடுறதுன்னு ஒரே சண்டை. நீங்களே ஒரு ஆள சொல்லுங்க.
— பி.ஏ. ரெண்டாம் வருஷ மாணவி, காரைக்குடி

யாரையும் கூப்புடாதீங்க ஆத்தா. சீஃப் கெஸ்ட்டுன்னு ஒருத்தர் வந்துட்டா அப்புறம் பொன்னாடை, அப்புறம் ஃப்ளெக்ஸ், அப்புறம் பிரின்சிபாலுக்கு நாற்காலி எங்க போடுறது, வரவேற்புரை யாரு நன்றியுரை யாருன்னு அன்னைக்கு பொழுது அதுலயே போயிரும், கூட்டம் முடிஞ்சு போற பிள்ளைங்க கையில ஒரு புஸ்தகம் இருக்காது. டீயும் பிஸ்கட்டும் மட்டும் நல்லா இருந்துச்சும்பாங்க.

அதுக்கு பதிலா ஒண்ணு பண்ணுங்க. உங்க லைப்ரரியன்கிட்ட பெர்மிஷன் வாங்கிட்டு நாலஞ்சு பேரா ஸ்டாக் ரூமுக்குள்ள போங்க, ஒவ்வொரு ரேக்கா புஸ்தகத்த எடுத்து டேட் ஸ்லிப்ப பாருங்க, அதான் உள்ளட்டையில ஒட்டி தேதி சீல் குத்துவாங்களே அந்த சீட்டு. சிலதுல சீல் ரெண்டு பக்கமும் நெறஞ்சு மேல இன்னொரு சீட்டு ஒட்டியிருக்கும், சிலதுல கடைசி சீல் நீங்க பொறக்குறதுக்கு முந்தின வருஷமா இருக்கும், சிலது வாங்குன நாள்லேருந்து ஒரு சீல் கூட விழாம புதுப்பொண்ணு மாதிரி உக்காந்திருக்கும். அந்த சீல் விழாததுல உங்களுக்கு புடிச்சத எடுத்து வாசல்கிட்ட ஒரு டேபிள்ல பரப்பி, ‘எங்கள இதுவரைக்கும் யாரும் எடுக்கல’ன்னு ஒரு அட்டை எழுதி வைங்க. அவ்ளோதான் மொத கூட்டம். ஒவ்வொருத்தரும் டேபிள்லேருந்து ஒண்ண எடுத்துட்டு போகணும், அடுத்த கூட்டத்துல அஞ்சு நிமிஷம் அத பத்தி பேசணும். புடிக்கலன்னா ஏன் புடிக்கலன்னு பேசணும், அதுதான் இன்னும் நல்லா இருக்கும்.

இப்ப நெறைய காலேஜ்ல சீல் கிடையாது, பார்கோடு வச்சு கம்ப்யூட்டர்ல இஷ்யூ பண்றாங்க. பரவாயில்ல, ஒரு தடவ கூட வெளிய போகாத புஸ்தகம் எதுன்னு சாஃப்ட்வேர்லயே ரிப்போர்ட் எடுக்கலாம், லைப்ரரியன்கிட்ட கேளுங்க.

சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931லயே நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதி வச்சாரு. புஸ்தகம் பயன்படுத்தத்தான், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புஸ்தகம், ஒவ்வொரு புஸ்தகத்துக்கும் அதுக்கான வாசகர், வாசகரோட நேரத்த மிச்சம் பண்ணு, நூலகம்ங்கிறது வளர்ற உயிர். இதுல மூணாவதத்தான் எல்லா காலேஜும் ஃப்ரேம் போட்டு மாட்டிட்டு மறந்துடுது. அவர் பொறந்த நாளு ஆகஸ்ட் 12, நூலகர் தினம்னு கொண்டாடுறாங்க, நவம்பர் 14லேருந்து 20 வரைக்கும் தேசிய நூலக வாரம், ஏப்ரல் 23 உலக புத்தக நாள். வருஷத்துக்கு இந்த மூணு சமயத்துலயும் அந்த டேபிள மாத்தி மாத்தி போட்டாலே உங்க வட்டம் உருப்படியான வட்டம். கட்டாயம் சீஃப் கெஸ்ட் வேணும்னு மேலேருந்து சொன்னா, அவரையும் டேபிள்லேருந்து ஒண்ணு எடுக்கச் சொல்லுங்க.

ஃபைன் கட்டாம தப்பிக்க வழி இருக்கா அண்ணே?
— பி.காம். மாணவர், தேவகோட்டை

இருக்கு. புஸ்தகத்த தேதிக்குள்ள குடுத்துடணும். கடைசி வருஷம் நோ டியூஸ் வாங்க வரும்போது ‘தொலைஞ்சு போச்சு சார்’னு தலைய சொறிஞ்ச பலபேர நான் பாத்திருக்கேன், அதெல்லாம் தொலையாது, ஹாஸ்டல்ல கட்டிலுக்கு அடியிலதான் கெடக்கும்.

ஐயா, கோட்டையூர்ல எங்க பெரிய வீட்டுல ரெண்டாங்கட்டு ரூம் ஒண்ண தொறந்தோம். தகரப்பெட்டி நெறைய பழைய மாசப்பத்திரிகை, பஞ்சாங்கம், பர்மா காலத்து கணக்கு ஏடு, கல்யாண நோட்டீஸ் எல்லாம் கெடக்கு. பழைய பேப்பர்காரர் கிலோ கணக்குல கேக்குறாரு. பக்கத்துல இருக்குற காலேஜ் லைப்ரரிக்கு குடுத்தா வாங்குவாங்களா?
— வாசகி, கோட்டையூர் (இப்ப சென்னை)

ஆச்சி, மொதல்ல அந்த பேப்பர்காரர ஒரு மாசம் கழிச்சு வரச்சொல்லுங்க. உங்க ஊருக்காரவுகளுக்கு நான் இத சொல்லணுமா? ரோஜா முத்தையா உங்க கோட்டையூர்தான். போர்டு எழுதுற தொழில் பாத்தவரு, படிச்சு பட்டம் வாங்குனவரு கெடையாது, அவரு காலமெல்லாம் சேத்தது புஸ்தகம் மட்டும் இல்ல, பத்திரிகை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ்னு மத்தவுக தூக்கிப் போடுறதையும் சேத்தாரு. 1992ல அவரு போனப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அந்த மொத்தத்தையும் வாங்கி, ஆனா அமெரிக்காவுக்கு தூக்கிட்டுப் போகாம, 1994ல சென்னையிலயே ஆராய்ச்சி நூலகமா வச்சாங்க. இன்னைக்கு தமிழ் அச்சு வரலாறு எழுதுற எவரும் அந்த வாசல மிதிக்காம எழுத முடியாது. அந்த நோட்டீஸையெல்லாம் அன்னைக்கு கிலோவுக்கு போட்டிருந்தா?

சரி, உங்க பெட்டிக்கு வருவோம். கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா இதே கேள்வி பள்ளத்தூர்லேருந்தும் கண்டனூர்லேருந்தும் வந்திருக்கு.

மொத விஷயம் புஸ்தகம் பத்தினதே இல்ல, பங்கு பத்தினது. பெரிய வீடுன்னா அது ஒருத்தர் வீடு கெடையாது, எத்தன புள்ளியோ, அதான் கல்யாணமாகி தனிக்கணக்கான குடும்பம், அத்தன பங்கு. நீங்க நல்ல மனசோட தூக்கிக் குடுத்துட்டு ஆறு மாசம் கழிச்சு மலேசியாவுலேருந்து ஒரு பங்காளி வந்து ‘எங்க அய்யா ஏடு எங்க’ன்னு கேட்டா லைப்ரரியன் பாவம் என்ன பண்ணுவாரு. அதனால முன்னோருக்கு கும்புடுற படைப்புக்கு எல்லாரும் ஊருக்கு வருவீங்கள்ல, அப்ப பெட்டிய வளவுல வச்சு பிரிச்சு, குடுக்குறதுக்கு சம்மதம்னு ஒரு தாள்ல எல்லார் கையெழுத்தும் வாங்கிடுங்க. அந்த தாளையும் சேத்து குடுங்க.

ரெண்டாவது, பெட்டியில எல்லாத்தையும் ஒரே குவியலா கலக்காதீங்க, எது எதோட கட்டியிருக்கோ அப்படியே இருக்கட்டும். ஒரு கணக்கு ஏட்டுக்குள்ள ஒரு கடுதாசி சொருகியிருந்தா அந்த கடுதாசிக்கு அர்த்தமே அந்த ஏட்டாலதான். வெளிய எடுத்து ‘லெட்டர் தனி, ஏடு தனி’ன்னு அடுக்கிட்டா பாக்க அழகா இருக்கும், ஆராய்ச்சி பண்றவருக்கு ஒண்ணும் மிஞ்சாது.

மூணாவது, செய்யக்கூடாததுங்க. வெயில்ல காய வைக்காதீங்க, நெழல்ல காத்தாட வச்சா போதும். கிழிஞ்ச எடத்துல செல்லோ டேப் ஒட்டவே ஒட்டாதீங்க, கொஞ்ச வருஷத்துல அந்த பசை மஞ்சளாகி எழுத்தோட பிச்சுக்கிட்டு வரும். லேமினேஷன் கூடவே கூடாது, போட்டா திரும்ப எடுக்க முடியாது. துருப்புடிச்ச பின்ன மட்டும் மெதுவா நிமித்தி எடுக்கலாம். மெத்துன்னு ஒரு ப்ரஷ் வச்சு தூசிய வெளிப்பக்கமா தட்டுங்க, மூக்குல மாஸ்க் கட்டிக்கிட்டு, ஏன்னா பூசணம் சாதாரண சமாச்சாரம் இல்ல. வேப்பெலை, வசம்பு வைக்கிறது நம்ம பழக்கம், வைங்க, ஆனா பச்ச எலைய வச்சிடாதீங்க, அதுல இருக்குற ஈரமே காகிதத்த கெடுத்துரும். மாசப்பத்திரிகைதான் மொதல்ல ஒடியும், அது மரக்கூழ் தாளு, அதுலயே அமிலம் இருக்கு, வெளிச்சம் பட்டா பழுத்து அப்பளமா நொறுங்கும். ஏட்டுத்தாளு பரவாயில்ல, பல வீட்டுல நல்ல கெட்டித்தாளா இருக்கும், நீங்க பயப்படுற அளவுக்கு ஒண்ணும் ஆயிருக்காது.

அடுத்து, லைப்ரரி வாங்குமா? எல்லாத்தையும் வாங்காது, அத இப்பவே தெரிஞ்சுக்கங்க. காலேஜ் லைப்ரரிக்கு எடமும் கம்மி ஆளும் கம்மி. பழைய பாடப்புஸ்தகம், எல்லா வீட்டுலயும் இருக்குற பதிப்பு, கரையான் தின்னது வேண்டாம்பாங்க, அதுக்கு மனசு நோகக்கூடாது. ஆனா பர்மா கணக்கு ஏடு, இசைகுடிமானம்ங்கிற கல்யாண ஒப்பந்தம், முறைச்சிட்டைங்கிற சீர்முறைப் பட்டியல், மொய்ப்பண ஏடு இதெல்லாம் வேற எங்கயும் அச்சாகாதது, ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். என்ன விலை, என்ன வட்டி, கல்யாணத்துக்கு எந்த ஊர்லேருந்து யார் வந்தாக, எவ்வளவு சாமான் வச்சாகன்னு நூறு வருஷத்து வாழ்க்கை அதுல இருக்கு. உங்களுக்கு குடுக்க மனசில்லன்னா குடுக்க வேண்டாம், ஸ்கேன் மட்டும் பண்ணிக்கிட்டு திருப்பிக் குடுங்கன்னு கேளுங்க, ஹிஸ்டரி டிபார்ட்மெண்ட் பிள்ளைங்கள வச்சே பண்ணலாம், அவங்களுக்கும் ப்ராஜெக்ட் ஆச்சு.

கடைசியா ஒண்ணு, கொஞ்சம் கசப்பா இருக்கும். ‘எங்க அய்யா பேர்ல தனி பீரோ, கண்ணாடி போட்டு பூட்டு, மேல போட்டோ’ன்னு கண்டிஷன் போடாதீங்க ஆச்சி. பூட்டுன பீரோவ யாரும் தொறக்கச் சொல்லி கேக்க மாட்டாங்க, சாவி யாருகிட்ட இருக்குன்னே மறந்து போயிரும், அப்படி எத்தனையோ பீரோ இந்த வட்டாரத்துலயே இருக்கு. அதுக்கு பதிலா ஒவ்வொரு புஸ்தகத்துக்குள்ளயும் ‘இன்னார் குடும்பம் குடுத்தது’ன்னு ஒரு சின்ன சீட்டு ஒட்டச் சொல்லுங்க. பேரு ரேக் ரேக்கா நடமாடும்.

நான் காலேஜ்ல படிக்கல, ரிட்டயர் ஆன டீச்சர். வெளியாளு காலேஜ் லைப்ரரிய பயன்படுத்த முடியுமா?
— வாசகர், கல்லல்

வீட்டுக்கு எடுத்துட்டு போக பெரும்பாலும் விடமாட்டாங்க, ஆனா என்ன படிக்கணும்னு எழுதி பிரின்சிபாலுக்கு ஒரு லெட்டர் குடுத்தா உள்ள உக்காந்து பாக்க நெறைய எடத்துல அனுமதி தருவாங்க. சும்மா ‘லைப்ரரி பாக்கணும்’னு எழுதாம புஸ்தகத்தோட பேர எழுதுங்க, அதுக்கு மதிப்பே வேற. காரைக்குடி வந்தீங்கன்னா அழகப்பா பல்கலைக்கழக வளாகத்துல 2025 ஜனவரியில வளர்தமிழ் நூலகம் தொறந்திருக்காங்க, அதையும் விசாரிச்சு பாருங்க. பழைய பத்திரிகைதான் வேணும்னா புதுக்கோட்டை ஞானாலயா, தம்பதியா சேர்ந்து வீட்டுலயே வளத்த நூலகம் அது. நடக்க முடியலன்னா தமிழ் இணையக் கல்விக் கழகத்தோட மின்னூலகம் இருக்கு, காசு கெடையாது, பேரப்பிள்ளைகிட்ட சொல்லி ஃபோன்ல போடச் சொல்லுங்க. அரசு கிளை நூலகத்த மறந்துடாதீங்க, 1948ல வந்த பொது நூலகச் சட்டத்தால நீங்க கட்டுற வீட்டு வரியோட நூலக வரியும் சேத்துத்தான் கட்டுறீங்க, உங்க காசு சார் அது.

எங்க லைப்ரரியில மாசாமாசம் செய்தி மடல் போடுறோம், பி.டி.எஃப். பண்ணி வாட்ஸ்அப் குரூப்ல அனுப்புறோம், ஒருத்தரும் தொறக்க மாட்டேங்குறாங்க. டிசைன மாத்தணுமா?
— மாணவ ஆசிரியர் குழு, காரைக்குடி பக்கம்

நீங்க லெட்டரோட வச்சு அனுப்புன ரெண்டு இதழையும் படிச்சேன், டிசைன்ல குத்தம் இல்ல தம்பிகளா. ‘நூலகத்தில் விழா சிறப்பாக நடைபெற்றது, முதல்வர் தலைமை தாங்கினார், துறைத்தலைவர் முன்னிலை வகித்தார்’ இப்படியே நாலு பக்கம். வராதவனுக்கு இதுல என்ன இருக்கு? வந்தவனுக்குத்தான் ஏற்கனவே தெரியுமே.

செய்தின்னா என்னன்னு யோசிங்க. இந்த மாசம் அதிகமா வெளிய போன புஸ்தகம் எது, அதுக்கு எத்தன பேர் ரிசர்வ் பண்ணி காத்திருக்காங்க. பிள்ளைங்க வந்து கேட்டு நம்மகிட்ட இல்லாம போன புஸ்தகம் எது, அத வாங்க லிஸ்ட்ல சேத்தாச்சா இல்லையா, சேக்கலன்னா ஏன். புதுசா வந்ததுல ஒண்ணு, அதுல ஒரு பத்தி அப்படியே. சாயங்காலம் எத்தன மணி வரைக்கும் தொறந்திருக்கும், பரீட்சை நேரத்துல கூட ஒரு மணி நேரம் வைப்பாங்களா. சமையல்கூடத்துல வேல பாக்குற அக்கா ஒருத்தர் தெனம் பேப்பர் படிக்க வர்றாங்கன்னா அவங்ககிட்ட ரெண்டு கேள்வி கேட்டு, சம்மதம் வாங்கிட்டு போடுங்க, அது செய்தி.

இன்னொண்ணு, பி.டி.எஃப். வேணாம். ஒரே ஒரு ஏ4 தாளு, ரெண்டு பக்கம், கையெழுத்தா இருந்தாலும் சரி, தண்ணி குடிக்கிற எடத்துல ஒட்டுங்க. பாட்டில் நெறையிற நேரம் வேற எங்க பாப்பான்? கேன்டீன்ல ஒண்ணு, பஸ் நிக்கிற எடத்துல ஒண்ணு. வாட்ஸ்அப்ல போடணும்னா ஒரு நாளைக்கு ஒரு புஸ்தகம், அட்டைப்படம், ரெண்டே வரி, ரேக் நம்பர், முடிஞ்சுது. டியூயி நூல் வகைப்பாட்டுல தமிழ் இலக்கியம் 894.811ன்னு எல்லாருக்கும் மனப்பாடம் ஆகுற வரைக்கும் போடுங்க.

டி.என்.பி.எஸ்.சி.க்கு படிக்கிறவங்க காலையிலயே வந்து எல்லா டேபிளையும் புடிச்சிடுறாங்க. சொந்த கைடு, சொந்த நோட்டு, லைப்ரரி புஸ்தகம் ஒண்ணு கூட தொடுறதில்ல. இலக்கியம் படிக்கிற எங்களுக்கு எடமே இல்ல. இது நியாயமா?
— எம்.ஏ. மாணவி, தேவகோட்டை

உங்க கோவம் புரியுது, ஆனா நான் அவங்க பக்கம்தான் கொஞ்சம் சாயுவேன். புதுவயல்லேருந்தோ கல்லல்லேருந்தோ மொத பஸ்ஸ புடிச்சு வர்றவனுக்கு வீட்டுல ஒரு மேசை, ஒரு ஃபேன், ரெண்டு மணி நேரம் அமைதி இருக்காது, அதத்தேடித்தான் வர்றான். மேசையும் லைப்ரரி குடுக்குற சேவைதான். அதுக்காக உங்க எடம் போகணும்னு இல்ல. ஸ்டாக் ரூம ஒட்டி நாலஞ்சு சீட்ட ‘நூலகப் புஸ்தகம் எடுத்துப் படிக்கிறவங்களுக்கு மட்டும்’னு ஒதுக்கச் சொல்லி ரெண்டு தரப்பும் சேர்ந்து கையெழுத்து போட்டு குடுங்க, தனியா குடுத்தா அது புகாரு, சேர்ந்து குடுத்தா அது யோசனை. வகுப்பு முடிஞ்சு காலியா கெடக்குற ரூம் ஒண்ண சொந்த நோட்டுக்காரங்களுக்கு தொறந்து விடச்சொல்லலாம், செலவே கெடையாது. இன்னும் ஒண்ணு, அவங்களுக்கு பொதுத்தமிழ் வருது, உங்களுக்கு அது தண்ணி பட்ட பாடு. வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம் சொல்லிக் குடுத்து பாருங்க, அப்புறம் உங்களுக்கு அவங்களே சீட் புடிச்சு வைப்பாங்க.

புதுசா வேலைக்கு சேந்த லைப்ரரியன் நான். நூலக சாஃப்ட்வேர் கோஹாவுல கம்பராமாயணம்னு தமிழ்ல தேடுனா ஒண்ணுமே வரல, ஆனா ரேக்ல பல பதிப்பு இருக்கு. என்ன பண்றது?
— வாசகர், சிவகங்கை மாவட்டம்

பழைய என்ட்ரியெல்லாம் இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருப்பாங்க, அதுவும் ஒருத்தர் ‘கே’ போட்டு, ஒருத்தர் நடுவுல ‘பி’ போட்டு, ஒருத்தர் ‘எம்’ ரெண்டு போட்டு, ஒருத்தர் ரெண்டு வார்த்தையா பிரிச்சு. மெஷினுக்கு அது நாலு புஸ்தகம். கோஹா மேல தப்பில்ல, 2000லேருந்து உலகம் பூரா ஓடுற இலவச சாஃப்ட்வேர் அது, யூனிகோட் தமிழ நல்லாவே ஏத்துக்கும். தலைப்பு, ஆசிரியர் ரெண்டையும் தமிழ்ல யூனிகோட்ல அடிங்க, பழைய இங்கிலீஷ் வடிவத்த அழிக்காம வேற ஃபீல்டுல தள்ளி வைங்க, அப்பத்தான் ரெண்டு விதமா தேடுனாலும் கெடைக்கும். எல்லாத்தையும் ஒரே நாள்ல திருத்தணும்னு உக்காந்தா விட்டுருவீங்க. கவுன்டருக்கு திரும்பி வர்ற புஸ்தகத்த மட்டும் அன்னன்னைக்கு திருத்துங்க, ஓடுற புஸ்தகம் எல்லாம் தானா சரியாயிரும், ஓடாதத லீவுல பாத்துக்கலாம்.

காலேஜ் லைப்ரரியில ‘நம்ம வட்டாரத்து எழுத்து’ன்னு கண்காட்சி வைக்கப் போறோம். பாரதியார் இங்க வந்தது நெசந்தானா? வேற என்னென்ன வைக்கலாம்?
— தமிழ்த்துறை மாணவர்கள், கானாடுகாத்தான் பக்கம்

நெசந்தான், 1919ல வந்தாரு. காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்து அங்க எடுத்த போட்டோவத்தான் இன்னைக்கு வரைக்கும் பாத்துக்கிட்டிருக்கோம், உங்க கானாடுகாத்தானுக்கும் வந்தாரு, வை.சு. சண்முகம் செட்டியார் வீட்டுக்கு. அந்த சங்கம் 1917ல ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடியே 1909ல மேலைச்சிவபுரியில சன்மார்க்க சபை, பண்டிதமணி கதிரேசன் செட்டியார் அங்க இருந்து பண்ணுன வேல பெருசு. 1939ல சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்குனாரு, பங்குனியில காரைக்குடியில விழா, அத்த நட்சத்திரத்தன்னைக்கு நாட்டரசன்கோட்டையில கம்பன் சமாதியில முடியும். கோட்டையூர் ஏ.கே. செட்டியார விட்டுடாதீங்க, காந்தி பத்தி 1940ல படம் எடுத்தவரு, உலகம் சுத்தி பயணம் எழுதுனவரு, குமரி மலர் நடத்துனவரு. அதே கோட்டையூர்ல பொறந்த அழகப்பச் செட்டியார் 1947ல காரைக்குடியில காலேஜ் ஆரம்பிச்சாரு, அப்புறம் சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், வரணும்னு 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் குடுத்தாரு. சிறுகூடல்பட்டி கண்ணதாசன நான் சொல்லவே வேணாம், நீங்களே பெருசா வச்சிருவீங்க.

ஆனா போட்டோவ பிரிண்ட் போட்டு சொவத்துல ஒட்டி முடிச்சிடாதீங்க. ஒவ்வொரு போட்டோவுக்கு கீழயும் உங்க லைப்ரரியில இருக்குற அவரோட புஸ்தகம் ஒண்ணு, கயிறு கட்டாம, ரேக் நம்பரோட. பாக்குறவன் கையோட எடுத்துட்டு கவுன்டருக்கு போகணும். காலி ஆன எடத்துல ‘வெளிய போயிருக்கு’ன்னு ஒரு சீட்டு வைங்க. சாயங்காலத்துக்குள்ள எத்தன சீட்டுன்னு எனக்கு எழுதுங்க.

முழு புஸ்தகத்தையும் ஜெராக்ஸ் எடுக்கலாமா அண்ணே? கடையில ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க.
— பேர் போட வேணாம்னு எழுதுனவர், காரைக்குடி

கடைக்காரர் ஏன் சொல்லப் போறாரு. எழுதுனவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் காப்பிரைட் இருக்கு, சொந்தமா படிக்கவோ ஆராய்ச்சிக்கோ கொஞ்சம் பக்கம் எடுக்கலாம், முழுசா எடுத்து வகுப்புக்கே வினியோகம் பண்றது தப்பு. நாட்டுடைமை ஆன எழுத்தாளர்கள் விஷயம் வேற, அதுல நெறைய இணையத்துலயே படிக்க இருக்கு. பேர் போட வேணாம்னீங்க, போடல. ஆனா எந்த புஸ்தகம்னு எழுதியிருந்தா ரெண்டாவது காப்பி வாங்கச் சொல்லி உங்க லைப்ரரியன்கிட்ட எப்படி கேக்குறதுன்னு சொல்லியிருப்பேன்.